பிறவி இதயக் குறைபாடு உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால்: எண்டோகார்டைடிஸ் பற்றி முழுமையான வழிகாட்டி

பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையோ வால்வுக் கோளாறோ உள்ள ஒருவருக்கு நாலு நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு அடிக்கிறது என்று வையுங்கள். நம் ஊரில் அடுத்து என்ன நடக்கும்? மெடிக்கலில் கேட்டு ஒரு ஆன்டிபயாடிக் வாங்குவார்கள், ரெண்டு நாளில் காய்ச்சல் இறங்கும், ஒரு வாரத்தில் திரும்ப வரும், இந்த முறை கிளினிக்கில் ஒரு ஊசி, ஒரு விடால் டெஸ்ட், "டைஃபாய்டு மாதிரி இருக்கு" என்று இன்னொரு ஆன்டிபயாடிக். இப்படி ஒரு மாதம் ஓடிய பிறகு மூச்சு வாங்குகிறது என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால், எக்கோவில் (இதய ஸ்கேன்) வால்வின் மேல் ஒரு கட்டி ஆடிக்கொண்டிருப்பது தெரியும். இதயத்தின் உட்சவ்விலோ வால்விலோ கிருமி ஒட்டி வளரும் இந்தத் தொற்றுதான் எண்டோகார்டைடிஸ். சரி, எந்தக் கிருமி என்று பார்க்கலாம் என்று ரத்தத்தை கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினால் ஒன்றும் வளராது. அரைகுறையாகச் சாப்பிட்ட மாத்திரைகள் கிருமியை முழுசாகக் கொல்லாமல் மறைத்து மட்டும் வைத்திருக்கும். அப்புறம் எதிரி யார் என்றே தெரியாமல் ஆறு வாரம் மருந்து ஏற்ற வேண்டியதுதான்.

கீழே பல் டாக்டரில் தொடங்கி அறுவை சிகிச்சை வரைக்கும் நிறைய விஷயம் இருக்கிறது. எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கல்ச்சருக்கு ரத்தம் எடுக்கும் முன்னால் ஆன்டிபயாடிக் வேண்டாம்.

உள்ளே நடப்பது என்ன

இதயத்தின் உட்புறம் வழவழப்பான மெல்லிய சவ்வால் ஆனது. ரத்தம் சீராக ஓடும்வரை அதில் கிருமி ஒட்டுவதற்கு இடமில்லை. ஓட்டை வழியாகவோ குறுகிய வால்வு வழியாகவோ ரத்தம் பீய்ச்சி அடித்தால், அது மோதும் இடத்தில் சவ்வு சிராய்ந்துபோகிறது. அந்தச் சிராய்ப்பில் தட்டணுக்களும் ஃபைப்ரின் என்ற ரத்தம் உறைய வைக்கும் நாரும் படியும். ஈறு வழியாகவோ தோல் வழியாகவோ ரத்தத்துக்குள் நுழையும் கிருமி அங்கே போய் ஒட்டிக்கொண்டு, மேலே இன்னொரு படலத்தால் மூடப்பட்டு, உள்ளே நிம்மதியாகப் பெருகுகிறது. இந்தக் கட்டியைத்தான் டாக்டர்கள் வெஜிடேஷன் என்கிறார்கள். இதற்குள் ரத்தக்குழாய் கிடையாது, அதனால் வெள்ளை அணுக்கள் நுழைய முடியாது, மருந்தும் மெதுவாகத்தான் ஊறும். சிகிச்சை வாரக்கணக்கில் நீள்வதற்கு இதுதான் காரணம்.

ஓட்டை சின்னதாக இருந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மூச்சுத்திணறல், இதயம் வீங்குவது போன்றவற்றுக்கு அது சரி. இந்தத் தொற்றைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும் இல்லையா, கீழறைச் சுவரில் உள்ள சின்ன ஓட்டையிலும் அதேதான் நடக்கிறது. மேலறைச் சுவரில் இருக்கும் சாதாரண ஓட்டையில் அழுத்தம் குறைவு, அதனால் அங்கே இந்தத் தொற்று மிக அரிது.

படி 1: ஃபைலை எடுங்கள்

உங்களுக்கோ உங்கள் குழந்தைக்கோ என்ன குறைபாடு, என்ன அறுவை சிகிச்சை, எந்த வருடம், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் (பேட்ச், ஓட்டை மூடும் டிவைஸ், செயற்கை வால்வு, கான்டியூட் எனப்படும் வால்வு வைத்த குழாய், பேஸ்மேக்கர்), மிச்சக் கசிவு இருக்கிறதா, கடைசி எக்கோ எப்போது எடுத்தது. இதெல்லாம் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து குறைந்தது ரெண்டு பேர் போனில் வைத்திருங்கள். குழந்தையில் ஆபரேஷன் ஆகி இப்போது இருபத்தைந்து வயதில் இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு "சின்ன வயசுல ஹார்ட்ல ஏதோ பண்ணாங்க" என்பதற்கு மேல் தெரியாது. ஃபைல் அம்மாவின் பீரோவில் இருக்கும், பிள்ளை வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். காய்ச்சலோடு போய் நிற்கும்போது புது டாக்டருக்கு அந்த ஒரு பக்கம்தான் வழி காட்டும்.

படி 2: நீங்கள் எந்தக் கூட்டம்

மிக அதிக ஆபத்து உள்ளவர்கள் இவர்கள்: செயற்கை வால்வு உள்ளவர்கள் (தொடை வழியாகக் கம்பி செலுத்தி வைத்த வால்வும் சேர்த்து), ஏற்கெனவே ஒருமுறை எண்டோகார்டைடிஸ் வந்தவர்கள், உதடும் நகமும் நீலமாகும் வகைக் குறைபாட்டை இன்னும் சரிசெய்யாதவர்கள், தற்காலிகமாக ஷன்ட் (ரத்தத்தை வேறு வழியில் திருப்பிவிடும் குழாய்) மட்டும் போட்டிருப்பவர்கள், பேட்ச் அல்லது டிவைஸ் வைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள், ஆறு மாதம் தாண்டியும் பேட்ச் பக்கத்தில் கசிவு இருப்பவர்கள். ஃபேலட்ஸ் டெட்ராலஜி (கீழறை ஓட்டையோடு நுரையீரலுக்குப் போகும் வழியும் குறுகியிருக்கும் பிறவிக் குறைபாடு) ஆபரேஷன் ஆகி, பிற்பாடு நுரையீரல் வால்வு இடத்தில் பசுவின் கழுத்து ரத்தக்குழாயிலிருந்து செய்த வால்வு வைத்துக்கொண்டவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். அந்த வகை வால்வுகளில் இந்தத் தொற்று கூடுதலாக வருவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

நடுவில் இருப்பவர்கள்: மூன்று இதழுக்குப் பதில் இரண்டு இதழோடு பிறந்த அயோர்ட்டிக் வால்வு, மூடாத சின்ன கீழறை ஓட்டை. ஆபத்து உண்டு, ஆனால் பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் பொதுவாகத் தேவையில்லை.

ஓட்டையை முழுசாக மூடி, ஆறு மாதம் கடந்து, கசிவே இல்லை என்றால் ஏறக்குறைய மற்றவர்களைப் போலத்தான். தேவையில்லாமல் பயந்துகொண்டே வாழ வேண்டாம்.

படி 3: பல்

இதில் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். வாயில் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகள் இந்தத் தொற்றின் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஈறு வீங்கி, பல் தேய்க்கும்போதெல்லாம் ரத்தம் வருகிறது என்றால், ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் மெல்லும்போதும் கொஞ்சம் கிருமி ரத்தத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வருடத்துக்கு ஒருமுறை பல் பிடுங்குவதைவிட தினசரி நடக்கும் இந்தக் கசிவுதான் கூட்டிப் பார்த்தால் பெரிசு. இந்தக் கணக்கை வைத்துத்தான் 2007-இல் அமெரிக்க ஹார்ட் அசோசியேஷன், எல்லா இதயக் குறைபாட்டுக்கும் பல் டாக்டரிடம் போகும் முன் ஆன்டிபயாடிக் என்ற பழைய பழக்கத்தை விட்டுவிட்டு, மேலே சொன்ன முதல் கூட்டத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. பிரிட்டனில் 2008-இல் இன்னும் ஒரு படி மேலே போய் யாருக்குமே வேண்டாம் என்றார்கள், 2016-இல் "வழக்கமாகக் கொடுக்க வேண்டாம்" என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். உங்கள் பழைய டாக்டர் ஒன்று சொல்லி புது டாக்டர் வேறு சொன்னால் குழம்ப வேண்டாம், விதியே மாறியிருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. தினமும் ரெண்டு வேளை ஃப்ளோரைடு பேஸ்டால் தேய்ப்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பார்ப்பது. ரத்தம் வருகிறது என்று தேய்ப்பதை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் ஈறு இன்னும் மோசமாகும். குழந்தைக்குப் பால் பல்தானே, விழுந்துவிடும் என்று சொத்தையை விட்டுவைப்பது ரொம்பத் தப்பு. இரவில் பால் பாட்டிலோடு தூங்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். பான், குட்கா பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இதய ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தால் அதற்கு முன்பே பல் வேலை எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள்.

படி 4: பல் சிகிச்சைக்கு முன் மருந்து, தேவைப்படுபவர்களுக்கு

முதல் கூட்டத்தில் இருப்பவர் பல் பிடுங்கவோ, ஸ்கேலிங் செய்யவோ, ரூட் கேனால் செய்யவோ போனால், முப்பதிலிருந்து அறுபது நிமிடத்துக்கு முன் ஒரே ஒரு டோஸ் அமாக்ஸிசிலின். பெரியவர்களுக்கு 2 கிராம், அதாவது 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் நாலு ஒரே நேரத்தில். நாலா என்று கேட்டு ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டு வருகிறவர்கள் உண்டு, அது போதாது. குழந்தைகளுக்கு எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம்: 16 கிலோ குழந்தைக்கு 800 மில்லிகிராம். எவ்வளவு எடை இருந்தாலும் 2 கிராமைத் தாண்டக் கூடாது. மறந்துபோய்விட்டால் சிகிச்சை முடிந்து ரெண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். அதற்குப் பிறகு மூன்று நாள், ஐந்து நாள் என்று தொடர்வது இந்தத் தடுப்புக்குத் தேவையில்லை.

பெனிசிலின் அலர்ஜி இருந்தால் அஸித்ரோமைசின் போன்ற மாற்று உண்டு, இதய டாக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பு இதற்கு கிளின்டாமைசின் கொடுப்பார்கள், பக்கவிளைவு காரணமாக 2021-இல் அமெரிக்கப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

பல் எக்ஸ்ரே, கிளிப் முறுக்குவது, பால் பல் தானாக விழுவது, விழுந்து உதட்டில் அடிபடுவது, இதற்கெல்லாம் மருந்து வேண்டாம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர்கள் பல் பிடுங்க வேண்டும் என்று தாங்களாகவே அதை நிறுத்தக் கூடாது, செயற்கை வால்வு அடைத்துக்கொள்ளும். இன்னொன்று, வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பெனிசிலின் ஊசி வேறு கதை. அது வாதக் காய்ச்சல் திரும்ப வராமல் தடுக்க. அதைப் போடுகிறோமே, பல்லுக்குத் தனியாக எதற்கு என்று கேட்கக் கூடாது, டாக்டரிடம் ரெண்டையும் சொல்ல வேண்டும்.

படி 5: மற்ற வாசல்கள்

தோலில் குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வாய்க் கிருமியைவிட முரடன். வாய்க் கிருமி வாரக்கணக்கில் மெதுவாக அரிக்கும் என்றால் இது சில நாட்களில் வால்வைக் கிழித்துவிடும். கொப்புளத்தைப் பிதுக்குவது, நகத்தைச் சதையோடு கடிப்பது, சேற்றுப்புண்ணைக் கவனிக்காமல் விடுவது, இவற்றை நிறுத்துங்கள். கையில் டிரிப்ஸ் ஊசி தேவைக்கு மேல் ஒருநாள்கூட இருக்கக் கூடாது. ஊசி போட்ட இடம் சிவந்து வலித்தால் நர்ஸ் வரும்வரை காத்திருக்காமல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பச்சை குத்துவதும் நாக்கு, மூக்கு, தொப்புளில் வளையம் போடுவதும் அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்கிறது. காது குத்து நம் வீட்டில் தவிர்க்க முடியாத விசேஷம் என்பது தெரியும். ஆனால் தேதியை இதய டாக்டரிடம் கேட்டுவிட்டு வையுங்கள், புது ஊசியால் சுத்தமான இடத்தில் குத்துங்கள், ஆபரேஷன் ஆன ஆறு மாதத்துக்குள் வேண்டவே வேண்டாம். மொட்டை அடிக்கும்போது புது பிளேடு.

அலகு குத்துவது பற்றி யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள், நான் எழுதிவிடுகிறேன். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நாக்கிலும் கன்னத்திலும் வேல் குத்திக்கொள்வது, மருத்துவக் கண்ணில் பார்த்தால் வாயின் உட்தோலைக் கிழித்துக் கிருமிக்கு நேர் வழி திறப்பது. செயற்கை வால்வோ ஷன்டோ உள்ளவர் பழனியில் இருந்தாலும் பத்துமலையில் இருந்தாலும் அதைச் செய்யக் கூடாது. "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சா புள்ளைக்கு அலகு குத்தறேன்" என்று வேண்டிக்கொண்ட வீடுகள் இருக்கலாம். பால்குடமாக மாற்றிக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காய்ச்சாத பாலும் ஆடு மாடு பிரசவம் பார்ப்பதும் புருசெல்லா, காக்ஸியெல்லா என்ற கிருமிகளைத் தரும். இவை சாதாரண கல்ச்சரில் எளிதில் பிடிபடாதவை, அதனால் வீட்டில் கால்நடை இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

படி 6: காய்ச்சல் வந்துவிட்டது, இப்போது

தெர்மாமீட்டரில் 100.4 டிகிரிக்கு மேல் இருந்தால் காய்ச்சல். காலை, மாலை, இரவு என்று எழுதி வையுங்கள். பாராசிட்டமால் போடலாம், ஆனால் போட்ட நேரத்தையும் குறியுங்கள், ஏனென்றால் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் பார்த்தால் டெம்பரேச்சர் நார்மலாகக் காட்டும்.

சளி, தொண்டை வலி, வீட்டில் மற்றவர்களுக்கும் அதே காய்ச்சல் என்றால் வைரஸாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் முதல் கூட்டத்தில் இருப்பவர் முதல் நாளே இதய டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுவது நல்லது. காரணமே தெரியாத காய்ச்சல் ரெண்டு மூன்று நாளைத் தாண்டினால், அல்லது ஆன்டிபயாடிக் முடிந்ததும் காய்ச்சல் திரும்பினால், எந்தக் கூட்டமாக இருந்தாலும் கல்ச்சர் எடுக்க வேண்டும். சில நேரம் காய்ச்சல் பெரிதாக இருக்காது. சாயங்காலம் லேசாகச் சூடு, இரவில் வியர்த்து நனைவது, பசியில்லை, எடை குறைகிறது, மூட்டு வலி, சோர்வு, அவ்வளவுதான். நகத்துக்கு அடியில் மரச்சிராய் குத்தியது போலச் சிவப்புக் கோடுகள், விரல் நுனியில் வலிக்கும் சின்ன முடிச்சு, உள்ளங்கை பாதத்தில் வலிக்காத சிவப்புப் புள்ளி, சிறுநீரில் ரத்தம், இவை இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஆனால் இவை எல்லோருக்கும் வருவதில்லை, இல்லாததால் நோயும் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இதயத்தின் வலது பக்கத்தில் தொற்று இருந்தால் துணுக்குகள் நுரையீரலுக்குப் போகும், அதனால் இருமல், நெஞ்சு வலி, எக்ஸ்ரேயில் திட்டு என்று நிமோனியாவாகவே தெரியும். திரும்பத் திரும்ப நிமோனியா என்று சொன்னால் ஃபைலை நீட்டுங்கள்.

கிளினிக்கில் சொல்ல வேண்டிய வாக்கியம்: "டாக்டர், இவருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு, ஆபரேஷன் ஆகியிருக்கு. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்னாடி பிளட் கல்ச்சர் எடுத்துடலாமா?" கூச்சப்படாமல் கேளுங்கள். விடால் மட்டும் பாசிட்டிவ் என்பதை டைஃபாய்டுக்கு உறுதியான சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது, பழைய தொற்று, வேறு காய்ச்சல் என்று பல காரணத்தால் அது பாசிட்டிவ் காட்டும். உண்மையிலேயே டைஃபாய்டாக இருந்தாலும் அதற்கும் நல்ல சோதனை கல்ச்சர்தான்.

ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்வது, பேச்சுக் குழறுவது, வலிப்பு, வாந்தியோடு கடும் தலைவலி, திடீரென்று பார்வை போவது, படுக்க முடியாத மூச்சிரைப்பு, ரத்தம் துப்புவது, ஒரு கால் மட்டும் ஜில்லென்று வெளிறுவது: இதில் எது வந்தாலும் 108. பக்கவாதம் என்று கொண்டுபோனால் வால்வு, இதயக் குறைபாடு, காய்ச்சல் மூன்றையும் வாசலிலேயே சொல்லுங்கள். சாதாரண பக்கவாதத்துக்குக் கொடுக்கும், ரத்த உறைவைக் கரைக்கும் ஊசி, இந்தத் தொற்றால் வந்த பக்கவாதத்தில் மூளைக்குள் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடியது. உதடு நீலமாகும் குறைபாடு உள்ளவர்களுக்குக் கிருமி நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேராக மூளைக்குப் போய்ச் சீழ்க்கட்டியும் வரலாம்.

படி 7: சோதனைகள்

கல்ச்சருக்கு ஒரு பாட்டில் போதாது. வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று செட், முதலுக்கும் கடைசிக்கும் குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு சுமார் 10 மில்லி வரை எடுப்பார்கள், ஏன் இவ்வளவு ரத்தம் என்று சண்டை போடாதீர்கள், அளவு குறைந்தால் கிருமி சிக்காது. நோயாளி மிகவும் மோசமாக இருந்தால் சட்டென்று ரத்தம் எடுத்துவிட்டு உடனே மருந்து தொடங்குவார்கள், அந்த நிலையில் தாமதம் கூடாது.

அப்புறம் எக்கோ. நெஞ்சில் வைத்துப் பார்ப்பதில் தெளிவில்லை என்றால் உணவுக்குழாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். பேட்ச், உலோக வால்வு, கான்டியூட் எல்லாம் இருக்கும் இதயத்தில் நிழல் விழுந்து படம் மறையும், அதனால் பிறவி இதயக் குறைபாட்டைப் பார்த்துப் பழகியவர் எடுப்பது நல்லது. முதல் எக்கோவில் ஒன்றுமில்லை, ஆனால் சந்தேகம் போகவில்லை என்றால் ஐந்து முதல் ஏழு நாளில் திரும்ப எடுக்க வேண்டும். செயற்கை வால்வு உள்ளவர்களுக்குச் சில இடங்களில் பெட் சிடி ஸ்கேனும் எடுக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்து டியூக் அளவுகோல் என்ற பட்டியலை வைத்து முடிவு செய்வார்கள். 1994-இல் வந்த அந்தப் பட்டியலை 2023-இல் புதுப்பித்திருக்கிறார்கள்.

படி 8: ஆஸ்பத்திரி நாட்கள்

சொந்த வால்வு என்றால் பெரும்பாலும் நாலு வாரம், செயற்கைப் பொருள் இருந்தால் ஆறு வாரம் அல்லது அதற்கு மேல், நரம்பு வழியாக மருந்து. ஒரு வாரத்தில் காய்ச்சல் நின்று நோயாளி எழுந்து உட்கார்ந்ததும் வீட்டில் கேள்வி தொடங்கிவிடும்: "நல்லாத்தானே இருக்கான், மாத்திரை எழுதிக் குடுங்க, போறோம்." இங்கே இடம் கொடுக்காதீர்கள். கட்டிக்குள் தூங்கும் கிருமி இன்னும் சாகவில்லை. டென்மார்க்கில் 400 பேரை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், நிலைமை சீரானவர்களுக்குக் குறைந்தது பத்து நாள் ஊசிக்குப் பிறகு மாத்திரைக்கு மாற்றியும் பலன் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் அது கிருமி தெரிந்து, ஆட்களைத் தேர்ந்தெடுத்து, நெருக்கமாகக் கண்காணித்துச் செய்தது. உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம், அடம்பிடிக்கக் கூடாது.

ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஓடினால் சிறுநீரகமும் காதும் கவனிக்கப்பட வேண்டும். காதில் ரீங்காரம், தலைசுற்றல் வந்தால் உடனே சொல்லுங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அனுமதியாகும் நாளே கவுன்டரில் கொடுத்துவிடுங்கள், ஆறு வாரப் படுக்கைக்குப் பிறகு பில்லோடு ஓடுவதைவிட அது மேல். கூட இருப்பவர்கள் ரெண்டு பேர் முறை போட்டுக்கொள்ளுங்கள்.

வால்வு கிழிந்து இதயம் தளர்ந்தால், மருந்து ஓடியும் தொற்று அடங்காவிட்டால், வால்வைச் சுற்றிச் சீழ் வைத்தால், பெரிய கட்டி துண்டு துண்டாகப் பறந்துகொண்டிருந்தால், அறுவை சிகிச்சை. மருந்து முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அதைத் தள்ளிப்போட முடியாது, கோர்ஸின் நடுவிலேயே செய்ய வேண்டி வரும். சிக்கலான குறைபாடு என்றால் பிறவி இதய அறுவை சிகிச்சை செய்யும் மையத்துக்கு முதல் வாரத்திலேயே பேசி வைக்கச் சொல்லுங்கள்.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

வீட்டுக்குப் போகும் முன் பல் டாக்டர் ஒருமுறை வாயைப் பார்த்துவிட வேண்டும், சிகிச்சை முடிந்ததும் புதிதாக ஒரு எக்கோ எடுத்து வைக்க வேண்டும். அடுத்த எக்கோக்களை இதோடுதான் ஒப்பிடுவார்கள். ஒருமுறை வந்தவர்கள் இனி வாழ்நாள் முழுக்க முதல் கூட்டம்தான், முன்பு எந்தக் கூட்டத்தில் இருந்திருந்தாலும். கர்ப்பம் தரிக்க நினைக்கும் பெண்கள் அதற்கு முன்பே இதய டாக்டரைப் பார்த்துவிடுங்கள். முதல் சில மாதங்களில் நோய் திரும்புவதற்கு வாய்ப்பு உண்டு, அதனால் அந்தக் காலத்தில் மறுபடி காய்ச்சல் வந்தால் பக்கத்து மெடிக்கல் பக்கம் போகாமல், சிகிச்சை எடுத்த இடத்துக்கே போய் மூன்று செட் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள்.